நகர மன்றச் சம்பளம்: சட்டத்தில் ஓட்டை விழும் இடங்கள்

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை 36 ஆயிரத்துக்குப் பக்கம். கையில் காசு புழங்காத குடும்பங்கள்தான் அதிகம். 2010 ஜூலையில் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ அந்த ஊர்க் கணக்கை வெளியிட்டது. நகர நிர்வாகத்தை நடத்த மன்றம் நியமித்த மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோவுக்கு ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். பகுதிநேர வேலையான நகர மன்ற உறுப்பினர் பதவிக்கு நான்கு பேர் ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர் வாங்கினார்கள். உள்ளாட்சிச் சம்பளத்துக்குச் சட்டம் எழுத உட்காரும் எவரும் முதலில் பெல்லைப் படிக்க வேண்டும்.

பெரிய தவறு, உச்சவரம்பு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே விதிவிலக்கை வைப்பது. அன்றைய மாநிலச் சட்டப்படி பெல் அளவுள்ள ஊரின் உறுப்பினருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 400 டாலர்தான். ஆனால் தனிச் சாசனம் (வாக்காளர்கள் ஏற்ற, அந்த நகரத்துக்கே உரிய அடிப்படைச் சட்டம்) வைத்துள்ள நகரங்களை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. 2005 நவம்பரில் பெல் ஒரு சிறப்புத் தேர்தல் நடத்திச் சாசன நகரமாகிவிட்டது. வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. வாக்குச்சீட்டில் சம்பளத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வரம்பிலிருந்து விலகும் முடிவு என்றால், தொகையைச் சொல்லி, பொதுத்தேர்தல் நாளில்தான் மக்களிடம் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது, ‘சம்பளம்’ என்ற சொல்லை மட்டும் கட்டிப்போடுவது. பெல் உறுப்பினர்களுக்குப் பணம் வந்த வழி வேறு: திடக்கழிவு ஆணையம், வீட்டுவசதி ஆணையம் என்று குழுவுக்குக் குழு தனித்தனிப் படி. அந்தக் கூட்டங்களில் சில நடக்கவே இல்லை, சில ஓரிரு நிமிடத்தில் முடிந்தன என்று பிறகு அவர்கள்மீது நடந்த வழக்கில் அரசுத் தரப்பு காட்டியது. சம்பளம், குழுப் படி, காசாக்கும் விடுப்பு எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கே வரம்பு வேண்டும்.

உயர்வுக்கு ஓட்டுப் போட்டவரே மறுமாதம் அதை வாங்கக் கூடாது. அடுத்த பதவிக்காலம் தொடங்கிய பிறகே அது நடைமுறைக்கு வரட்டும்.

குறைவாக வைத்தால் நேர்மை வந்துவிடும் என்பதும் தவறுதான். பெல்லைவிடச் சிறிய நகரங்களுக்கு 1984இல் போட்ட மாதம் 300 டாலர் 2023 வரை மாநிலச் சட்டத்தில் அப்படியே கிடந்தது. அந்தக் காசுக்கு, கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வர ஒரு தொழிலாளியால் முடியுமா? 2024 முதல் அது 950 டாலர் வரை போகலாம் என்று மாற்றினார்கள். அது சரியான திருத்தம்.

கேட்டவருக்கு மட்டும் கணக்குக் காட்டினால் போதும் என்று விடுவதும் ஆபத்து. பெல்லில் 2008இல் ஒருவர் கேட்டார். உறுப்பினருக்கு மாதம் 673 டாலர், மேலாளருக்கு 15,478 டாலர் என்று நகராட்சியே பொய்த் தாள் கொடுத்து அனுப்பியது. பெல் விவகாரம் வெடித்த பிறகு, மாநிலக் கணக்குத் தலைவர் உள்ளாட்சிச் சம்பளங்களை எல்லாம் வாங்கி, யாரும் கேட்காமலே இணையத்தில் போட ஆரம்பித்தார்.