சின்னக் காருக்கு அகல டயர்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியில் ஐந்து பேர். வளைவு வரும்போதெல்லாம் பின்பக்கம் 'சர்ர்' என்று தேய்க்கும் சத்தம். நிறுத்திப் பார்த்தால், மாட்டி ஒரு வாரம்கூட ஆகாத டயரின் தோள்பட்டை சீவப்பட்டிருந்தது. கடையில் காலி வண்டியை வைத்துப் பார்த்து "உரசாது" என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். புதிதாக அலாய் வீல் மாட்ட நினைக்கும் யாருக்கும் அந்த நிலைமை வரக்கூடாது.

1. இப்போதைய அளவைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88 என்பது போல எழுதியிருக்கும். 185 அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும்.

2. மொத்த உயரத்தைக் கணக்கிடுங்கள்

பக்கச்சுவர் 185 × 0.65 = 120.25. மேலும் கீழும் சேர்த்து 240.5. ரிம் 15 × 25.4 = 381. மொத்தம் 621.5 மி.மீ. நான் மாட்டிய 205/65 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டால் 647.5 வருகிறது. 26 மி.மீ. கூடுதல்! ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ஐத் தாண்டி ஓடும். அகலம் கூடினால் பக்கச்சுவர் குறைய வேண்டும். 195/55 ஆர்16 போட்டால் 620.9, கிட்டத்தட்ட பழைய உயரமே. ஆனால் அந்த அளவில் 87 குறியீட்டு டயர் நிறைய வருகிறது, அது 545 கிலோதான். 91 போட்ட எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும்) டயர் கேட்டு வாங்குங்கள்.

3. ரிம் பொருந்துமா?

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். உதாரணத்துக்கு, மாருதி ஸ்விஃப்டுக்கு நான்கு துளை, 100 மி.மீ. பி.சி.டி., அதாவது அந்தத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். அது பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். ரிம்மின் நடு ஓட்டை ஹப்பில், அதாவது வீல் மாட்டும் அச்சின் நடுமேட்டில், கச்சிதமாக உட்கார வேண்டும். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளிச்சந்தை ரிம்மில் ஓட்டை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் அது; ரிம்மின் பின்புறம் 'ஈ.டி.' என்று எழுதிய எண். 5.5 அங்குல அகல ரிம்மை எடுத்துவிட்டு அதே ஆஃப்செட்டில் 6.5 அங்குல அகலம் போட்டால் வெளியேயும் உள்ளேயும் 12.7 மி.மீ. நீளும். ஆஃப்செட்டும் 10 குறைந்தால் வெளிப்பக்கம் 22.7 ஆகிவிடும், மட்கார்டு உரசும். ஆஃப்செட் கூடினால் உள்ளே சஸ்பென்ஷனில் முட்டும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தகடு வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றே சொல்வேன்.

4. ஒரு வீலை மட்டும் மாட்டிப் பாருங்கள்

பணம் கொடுக்கும் முன், டயரோடு சேர்த்து முன்னால் ஒன்று, பிறகு பின்னால் ஒன்று. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி, டிக்கியிலும் சுமை வைத்து, வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். நான் தவறவிட்டது இந்தச் சோதனையைத்தான்.

5. மாட்டும் முறை

சமதரை, ஹேண்ட்பிரேக், எதிர்ச்சக்கரத்துக்குக் கட்டை. வீல் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். அலாய்க்கு அதற்குரிய நட்டுதான், ஸ்டெப்னி இரும்பு ரிம்மாக இருந்தால் பழைய நட்டுகளை அதோடு வையுங்கள். முதலில் கையால் சுழற்றி, பிறகு குறுக்குக்குறுக்காக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் வண்டி தரையில் இறங்கியபின், டார்க் ஸ்பேனரில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), கையேட்டில் உள்ள அளவுக்கு. பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் அன்றே செய்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது அவசியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் மாடலின் உயர் வேரியன்டில் கம்பெனியே தரும் அளவு என்றால் சிக்கல் குறைவு.

சுமார் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு நான்குவழிச் சாலையில் ஒருமுறை போய்வந்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். திரும்பி வந்து, வீல் ஆறியதும், ஸ்பேனரை எடுங்கள்.