விண்டோஸ் லேப்டாப்பில் பி.டபிள்யூ.ஏ., சாம்டூல்ஸ் ஓட்டுவது எப்படி

என்னிடம் உயிரித் தகவலியல் படிக்க வரும் பிள்ளைகள் பலருக்கு, வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் ஒரே லேப்டாப்தான். அதில் அண்ணனின் டேலி கணக்கும் அம்மாவின் போட்டோக்களும் இருக்கும். டிஸ்க்கைப் பிரித்து லினக்ஸ் போடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. டி.என்.ஏ. துண்டுகளை மரபுத்தொகுதியில் பொருத்தும் பி.டபிள்யூ.ஏ.வும், அதன் முடிவுகளை வரிசைப்படுத்தும் சாம்டூல்ஸுமோ லினக்ஸுக்கென எழுதப்பட்டவை. அதனால் நான் காட்டும் வழி, மைக்ரோசாஃப்ட் தரும் டபிள்யூ.எஸ்.எல். 2 (விண்டோஸ் சப்சிஸ்டம் ஃபார் லினக்ஸ்). இதில் விண்டோஸுக்குள்ளேயே அசல் லினக்ஸ் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, ஓடும். விண்டோஸ் 11 அல்லது 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்போ அதற்குப் பிந்தையதோ போதும்.

டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்து, விர்ச்சுவலைசேஷன் (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் போய் இயக்க வேண்டும். பிறகு பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'டபிள்யூஎஸ்எல்', ஓர் இடைவெளி, இரண்டு சிறு கோடு, 'இன்ஸ்டால்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகை இறங்கும். ரீஸ்டார்ட் ஆனதும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. பயப்படாமல் அடித்து என்டர் தட்டுங்கள். அடுத்து அதே உபுண்டு திரையில் 'சுடோ ஆப்ட் அப்டேட்', அது முடிந்ததும் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' போட்டு பி.டபிள்யூ.ஏ., சாம்டூல்ஸ் இரண்டின் பெயரையும் கொடுத்தால் நிறுவல் முடிந்தது.

இனிதான் முக்கியமான விஷயம். டவுன்லோடு செய்த ஃபைல்களை சி டிரைவிலேயே வைத்து ஓட்டாதீர்கள். 'எம்என்டி' என்ற ஃபோல்டர் வழியாக சி டிரைவை லினக்ஸ் எட்டிப்பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எழுதும்போதும் இரண்டு இயங்குதளங்களைத் தாண்ட வேண்டியிருப்பதால் வேகம் படுத்துவிடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கம் பென்குயின் படத்தோடு லினக்ஸ் என்று இருக்கும். அதில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் தரவை நகலெடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

விண்டோஸின் நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டும் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) படுத்தும். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்றை வைப்பதால் லினக்ஸ் புரியாத பிழை சொல்லும். 'டாஸ்2யுனிக்ஸ்' நிறுவி அந்த ஃபைலை அதில் ஒருமுறை ஓட்டுங்கள், சரியாகிவிடும்.

முதலில் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் மரபுத்தொகுதியை எடுங்கள். சுமார் 46 லட்சம் டி.என்.ஏ. எழுத்துதான், எந்த லேப்டாப்பும் தாங்கும். மனித மரபுத்தொகுதி 300 கோடிக்கு மேல். அதற்கு பி.டபிள்யூ.ஏ. 5 ஜிபிக்கு மேல் மெமரி கேட்கும். 8 ஜிபி லேப்டாப்பில் டபிள்யூ.எஸ்.எல்.லுக்குக் கிடைப்பதோ பாதி. நடுவில் 'கில்ட்' என்று நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். டபிள்யூ.எஸ்.எல்.லின் மெமரி அளவை உயர்த்தி விண்டோஸைத் திணறவைப்பதைவிட, அந்த வேலையைக் கல்லூரி சர்வரில் செய்யுங்கள்.

டிஸ்க்கிலும் ஒரு கண் இருக்கட்டும். லினக்ஸ் பக்கம் ஃபைலை அழித்தாலும் சி டிரைவில் அது பிடித்த இடம் தானாகத் திரும்பாது. அதனால் பி.டபிள்யூ.ஏ.வின் முடிவைப் பெரிய சாம் ஃபைலாக எழுதவே விடாமல், பைப் குறி (|) போட்டு நேராக 'சாம்டூல்ஸ் சார்ட்'டுக்கு அனுப்பி, அதன் சுருக்கப்பட்ட வடிவமான பாம் ஃபைலாக மட்டும் சேமியுங்கள்.