பாத்தியில் குனிந்து வேலை செய்கிறவங்களுக்கு

நுவரெலியாப் பக்கம் விடியக்காலையில் எழும்பின கையோடு மம்பட்டியைத் தூக்காதீங்க. குளிருக்கு உடம்பு இறுகிக் கிடக்கும். பிளேன்டீ குடிச்சிட்டு லயத்து வாசலில் பத்து நிமிஷம் நடங்க, தோளையும் இடுப்பையும் மெதுவாகச் சுழற்றுங்க, பிறகு இறங்குங்க.

முதுகைக் கெடுக்கிறது லீக்ஸ் பாத்தியில் களை எடுக்கிற வேலைதான். வரிசை முழுக்கக் குனிஞ்சே போகாதீங்க. பழைய உரச்சாக்கை நாலாக மடிச்சுப் போட்டு, ஒரு முழங்காலை அதில் வைங்க, மற்றக் காலை ஊன்றிக்கங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் கால் மாத்துங்க. எழும்பி நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து லேசாகப் பின்னால் வளைங்க. கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டியே காலம் தள்ளின எங்க அம்மா நோவை வெளியில் சொன்னதே இல்லை. நீங்க அப்படி இருக்காதீங்க.

தண்ணீர் தூக்க ஒரே பெரிய வாளி வேண்டாம், ஒவ்வொரு கையிலும் அரை வாளி போதும்.

புது வேலை செய்தால் 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் வலி கூடுறது வழமை, பயப்படாதீங்க. சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி 15 நிமிஷம் வைங்க, கொஞ்சம் நடங்க. படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும். சுளுக்கி வீங்கியிருந்தால் மட்டும் முதல் இரண்டு நாளைக்குச் சூடு வேண்டாம், குளிர்ந்த துணி ஒத்தடம்தான்.

முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ தைலம் தேய்ச்சுக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.