ஐந்து ஹெட்போன்களை வரிசைப்படுத்துவது எப்படி?

கடையில் ஹெட்போன் பார்க்கப் போகிறவர் வழக்கமாகச் செய்வது இதுதான்: தமக்குப் பிடித்த பாட்டு ஒன்றை ஒரு ஹெட்போனில் முழுதாகக் கேட்டு முடித்துவிட்டு அடுத்ததை எடுத்து மாட்டுகிறார், குஷனை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதாகச் சௌகரியத்துக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறார். இரண்டுமே தலைகீழான வேலை. ஒலியின் நுண்ணிய வேறுபாட்டைக் காது நினைவில் வைத்திருப்பது சில நொடிகளுக்குத்தான் என்பதால், ஐந்து நிமிடப் பாட்டு முடிந்த பிறகு முந்தைய ஹெட்போனின் ஒலி என்று நாம் நினைத்துக்கொள்வதில் பாதி நம் கற்பனையாகவே இருக்கும். சௌகரியமோ முதல் கால் மணி நேரத்தில் தன் குணத்தைக் காட்டுவதே இல்லை. ஒலியை நொடிக்கணக்கில் ஒப்பிட வேண்டும், சௌகரியத்தை மணிக்கணக்கில் ஒப்பிட வேண்டும். என்னிடமிருந்த இரண்டும் நண்பர்களிடம் இரவல் வாங்கிய மூன்றுமாக ஐந்து ஹெட்போன்களை அண்மையில் இப்படித்தான் வரிசைப்படுத்தினேன். அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். காதை முழுவதுமாகச் சுற்றி உட்காரும் ஹெட்போன்களிலேயே இரண்டு இனம் உண்டு. 1991-இல் வந்து இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் சோனி எம்.டி.ஆர்.-7506 மூடிய வகையைச் சேர்ந்தது. கிண்ணத்தின் பின்புறம் அடைபட்டிருப்பதால் வெளிச்சத்தம் ஓரளவு தடுக்கப்படும், உள்ளே ஒலிப்பதும் அதிகம் வெளியே கசியாது. 1997-இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600 திறந்த வகை. பின்புறம் வெறும் வலைதான் என்பதால் பாட்டு தலைக்குள் அடைந்துகிடக்காமல் சற்று விரிந்து கேட்கும், ஆனால் மாநகரப் பேருந்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நடத்துநரின் விசில்தான் முதலில் காதில் விழும். 1984 முதல் விற்பனையாகும் கோஸ் போர்ட்டா ப்ரோ போல, காதின் மேலேயே படிந்து உட்காருபவை மூன்றாவது இனம். இவற்றை ஒரே பட்டியலில் போடுவதில் தவறில்லை. எங்கே, எவ்வளவு நேரம், எதைக் கேட்பதற்காக வரிசைப்படுத்துகிறோம் என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். நான் எழுதி வைத்த வரி: இரவில், வீட்டில், இரண்டு மணி நேரம், கர்நாடக இசையும் பழைய திரைப்பாடல்களும். பேருந்துப் பயணம் என்று எழுதியிருந்தால் என் பட்டியல் வேறு மாதிரி வந்திருக்கும்.

அடுத்தது, பெயரை மறைப்பது. ஐந்தின் மீதும் பெயர் தெரியும் இடங்களில் பெயிண்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பை ஒட்டி, க, ச, ட, த, ப என்று எழுதிவிட்டேன். விலையை அறிந்த காது விலைக்கேற்பவே கேட்கும். ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எந்தச் சுரத்தை எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்னும் அடிப்படை அளவீட்டுக்கும் விலைக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆனால் எழுத்தை ஒட்டுவதால் மட்டும் அடையாளம் முழுதாக மறைந்துவிடாது. தலையில் வைத்த கணமே எடையும் குஷனும் காட்டிக்கொடுத்துவிடும். ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் இந்தத் தொல்லையைத் தவிர்க்க, ஒரே ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டு மற்ற ஹெட்போன்களின் ஒலியை அதன் வழியாகவே போலி செய்து கேட்கவைக்கும் முறையை 2013-இல் விவரித்தார்கள். வீட்டில் அது நடக்கிற காரியமல்ல. கண்ணை மூடிக்கொண்டு, கையால் தொடாமல், வேறொருவரை மாட்டிவிடச் சொல்வதுதான் நம்மால் ஆகக்கூடியது. என் தங்கை இதற்குப் பொறுமையாக ஒத்துழைத்தாள். இரண்டாம் நாள் ஒரு ஃபில்டர் காபி கூலியாகக் கேட்டாள்.

இனி வால்யூம். ஒப்பீடுகள் பெரும்பாலும் பாழாவது இதில்தான். ஒரே ஹெட்போனின் ஒலியை ஒரு டெசிபல் மட்டும் கூட்டிப் பாருங்கள். சத்தம் கூடியிருப்பதாகத் தோன்றாது, தெளிவு கூடியிருப்பதாகவும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதம் நன்றாக எழுவதாகவும்தான் தோன்றும். ஒலி தாழ்ந்திருக்கும்போது நம் காது கீழ்ச்சுரங்களை இன்னும் மந்தமாகவே வாங்குகிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே ஐந்தும் ஒரே அளவில் ஒலிக்காவிட்டால், நாம் தேர்ந்தெடுப்பது நல்ல ஹெட்போனை அல்ல, உரக்க ஒலிக்கும் ஹெட்போனை.

அளவைச் சமன்செய்ய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தடித்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்து, நடுவில் சிறு துளை போட்டு, பழைய போன் ஒன்றின் மைக் அந்தத் துளைக்கு நேராக வரும்படி அடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தப் போனில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்று ஓடட்டும். ஹெட்போனின் ஒரு கிண்ணத்தை அட்டையின் மேல் சுற்றிலும் இடைவெளி விழாமல் அழுத்தி வைத்து, பிங்க் நாய்ஸ் எனப்படும், ஓட்டுக்கூரையில் மழை பெய்வது போன்ற இரைச்சலை ஓடவிட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது உண்மையான டெசிபலாக இருக்க வேண்டியதில்லை. ஐந்துக்கும் ஒரே எண், அதிகம் போனால் அரை டெசிபல் வித்தியாசத்தில் வந்தால் போதும். இங்கே ஒரு சிக்கல் வரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூம் மொத்தமே 15 படிகள்தான். ஒவ்வொரு படியும் பெரிய தாவல் என்பதால் அரை டெசிபலுக்குள் நிற்காது. மடிக்கணினியில், ஒலியை நூறு பங்காகப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும் பிளேயர் ஒன்றை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. எந்த ஹெட்போனுக்கு எந்த எண் என்பதை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிவிடுங்கள். ஒலியை மிதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. சத்தத்தில் களைத்த காதை வைத்துக்கொண்டு நுணுக்கம் பார்க்கவும் முடியாது.

எல்லா ஹெட்போன்களும் ஒரே இடத்திலிருந்து ஒலி வாங்க வேண்டும். எச்.டி. 600-இன் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 300 ஓம், எம்.டி.ஆர்.-7506-இன் இம்பீடன்ஸ் 63 ஓம். போனில் நேரடியாகச் செருகினால் முன்னது சோர்ந்து ஒலிக்கக்கூடும், அதை அதன் குறையாக எழுதிவிடுவோம். எல்லாவற்றையும் தள்ளும் சக்தியுள்ள ஒரே ஆம்ப்ளிஃபயரைப் பயன்படுத்துவதே நியாயம். ஈக்வலைசர், சரவுண்ட் விளைவு ஆகியவற்றையெல்லாம் அணைத்துவிடுங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டால் சில மாடல்களின் ஒலியே மாறிவிடும் என்பதால், அன்றாடம் எப்படிப் பயன்படுத்துவீர்களோ அப்படியே வைத்துச் சோதியுங்கள்.

எதைக் கேட்பது? பிடித்த பாட்டை எடுத்தால் அதில் மயங்கிவிடுவோம். நன்றாகத் தெரிந்த, ஆனால் கொஞ்சம் சலித்துப்போன பதிவுகளே நல்லவை. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நொடித் துண்டு போதும். நான் மூன்று துண்டுகளை வைத்துக்கொண்டேன். முதலாவது, மிருதங்கத் தனியாவர்த்தனத்தில் கும்கி விழும் இடம். தொப்பியின் மேல் கை வழுக்கிச் செல்லும்போது அந்த நாதம் மேலேறுவது கோடு போட்டதுபோல் கேட்க வேண்டும். பேஸை, அதாவது கீழ்ச்சுரங்களை, ஊதிப் பெருக்கும் ஹெட்போனில் அது வெறும் ‘பொம்’ என்று வீங்கி, கும்கியின் வளைவு காணாமல் போகும். இரண்டாவது, தம்புரா மட்டும் பின்னணியில் இருக்க ஒரு பெண் குரல் ஆலாபனையிலிருந்து சாகித்தியத்துக்கு வரும் இடம். ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகள் ஊசியாகக் குத்துகின்றனவா என்று பாருங்கள். 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி தூக்கலாக இருந்தால் குத்தும். ஆனால் அந்தப் பகுதியை அதிகம் மழுக்கிவிட்டால், தம்புராவின் தந்திக்கடியில் வைக்கும் நூலான ஜீவாளியிலிருந்து எழும் ரீங்காரமும் சேர்ந்து மங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் திறமை, நான் கேட்டவற்றில் ஒன்றுதான் அப்படி நின்றது. மூன்றாவது, நாகசுரமும் தவிலும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நாகசுரம் நிறையப் பேசும். அங்கே மேடு உள்ள ஹெட்போனில் அரை நிமிடத்தில் முகம் சுளிக்கும். 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலே என்ன கேட்கிறது என்று மெனக்கெட வேண்டாம், நாற்பதைத் தாண்டிய பலருக்கு அங்கே ஒன்றும் கேட்காது.

இன்னொரு சோதனை ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. செய்தி வாசிப்பு போன்ற, இரண்டு காதிலும் ஒரே ஒலியாக வரும் மோனோ குரலை ஓடவிடுங்கள். அது மூக்குக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை ஹெட்போனில். மாறாவிட்டால் குறை நம் காதில்.

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதை நான் விட்டுவிட்டேன், ஏனென்றால் காலையில் போட்ட ஏழும் மாலையில் போட்ட ஏழும் ஒரே ஏழு அல்ல. இரண்டு இரண்டாகக் கொடுத்து, எது மேல் என்று மட்டும் கேட்பதே நம்பகமானது. ஐந்து ஹெட்போன்களுக்குப் பத்து ஜோடிகள்; மூன்று துண்டுகள் வீதம் முப்பது ஒப்பீடுகள். ஒரே அமர்வில் முடித்தால் காது களைத்துவிடும் என்பதால் இரண்டு விடியற்காலைகளில் செய்தேன். மின்விசிறியை அணைத்துவிட்டு வியர்க்காமல் உட்கார முடிவதும், தெருவில் ஹாரன் ஒலிக்காமல் இருப்பதும் எங்கள் பகுதியில் அந்த நேரத்தில் மட்டும்தான். மூன்றில் இரண்டு துண்டுகளில் வென்றது அந்த ஜோடியின் வெற்றி. முடிவில் ‘த’ நான்கு ஜோடிகளிலும் வென்றது. ‘ப’ நான்கிலும் தோற்றது. நடுவே ஒரு வேடிக்கை: ‘க’ ‘ச’வை வென்றது, ‘ச’ ‘ட’வை வென்றது, ‘ட’ ‘க’வை வென்றது. இப்படிச் சுற்றி வந்தால் பயப்பட வேண்டியதில்லை. மூன்றுக்கும் இடையில் எனக்குத் தெரியும்படியான தர வேறுபாடு இல்லை, அந்தந்தத் துண்டுக்கு எது பொருந்தியதோ அது வென்றிருக்கிறது என்று பொருள். மூன்றையும் இரண்டாம் இடத்தில் சமமாக எழுதினேன். வலிந்து 2, 3, 4 என்று பிரிப்பது பொய்.

ஒலிச் சோதனை முடிந்த பிறகுதான் சௌகரியம். ஒரு நாளைக்கு ஒரு ஹெட்போன், இரண்டு மணி நேரம், வழக்கமாக உட்காரும் நாற்காலியில், வழக்கமான மின்விசிறியின் கீழ். பதினைந்தாவது நிமிடத்திலும் நாற்பத்தைந்தாவது நிமிடத்திலும் தொண்ணூறாவது நிமிடத்திலும் ஒரு வரி எழுத வேண்டும். எடையைப் பார்க்கலாம், அதையே நம்ப வேண்டாம்: ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஏறத்தாழ 385 கிராம், சோனியின் டபிள்யூ.எச்.-1000 எக்ஸ்.எம்.4 ஏறத்தாழ 254 கிராம்; ஆனால் எடை உச்சந்தலையில் ஒரே புள்ளியில் இறங்குகிறதா, பரவி இறங்குகிறதா என்பதே வலியைத் தீர்மானிக்கிறது. பக்கவாட்டு இறுக்கம் இன்னொன்று. இறுக்கம் குறைந்தால் குனியும்போது நழுவும். கூடினால் தாடை வலிக்கும். மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும், ஒலிச் சோதனையிலும்கூட. காம்பு குஷனைத் தூக்கிவிடும் சிறு இடைவெளி வழியாக மூடிய வகையில் பேஸ் கசிந்துவிடும், நாற்பதாவது நிமிடத்தில் அதே காம்பு காதுக்கு மேலே அழுந்தி வலிக்கும். தோடு போட்ட காதில், திருகாணி காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் குத்துவதைத் தங்கை சொல்லித்தான் நான் அறிந்தேன். கொண்டை போட்டால் ஹெட்பேண்ட் எங்கே உட்காரும் என்பதையும் விமர்சனங்களில் யாரும் எழுதுவதில்லை. நம் ஊர் வெக்கையில் ரெக்சின் உறை ஒரு மணி நேரத்தில் காதைச் சுற்றி ஈரமாகிவிடும். வெல்வெட் போன்ற துணி உறை அவ்வளவு வியர்க்காது, ஆனால் தூசியும் முடியும் ஒட்டும்.

இரண்டு பட்டியல்களும் வந்த பிறகு அவற்றைக் கூட்டிச் சராசரி எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். நாற்பது நிமிடத்தில் கழற்ற வைக்கும் ஹெட்போனின் ஒலி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நாற்பத்தோராவது நிமிடத்தில் அது மேசையில்தான் கிடக்கும். சௌகரியத்தை வாசற்படியாக வையுங்கள்: எழுதி வைத்த வரியில் சொன்ன நேரம் வரை தாங்காதது பட்டியலிலிருந்து வெளியே, தாண்டி வந்தவற்றை ஒலி வரிசையில் அடுக்குங்கள், ஒலியில் சமமானவற்றைத் தொண்ணூறாவது நிமிடக் குறிப்பை வைத்துப் பிரியுங்கள். எனக்கு நடந்தது இதுதான்: ஒலியில் எல்லாவற்றையும் வென்ற ‘த’ ஐம்பதாவது நிமிடத்தில் உச்சந்தலையில் ஆணி அடித்ததுபோல் வலித்ததால் வெளியேறியது. சமமாக நின்ற மூன்றில் ‘ட’வை இரண்டு மணி நேரம் கழிந்தும் கழற்ற மறந்திருந்தேன், அது முதலிடம். ‘க’ இரண்டாவது. ‘ச’வில் காது வியர்த்தது, மூன்றாவது. ‘ப’ நான்காவது.

பட்டியலில் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குஷன் அமுங்க அமுங்கக் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரம் குறைந்து ஒலியும் மாறும். உறை உரிந்து புதிய குஷன் வாங்கிப் போட்டால், அதுவும் வேறு நிறுவனத்தின் குஷனாக இருந்தால், பேஸ் முழுவதுமாக வேறாகிவிடலாம். அப்போது அந்த ஹெட்போனுக்குப் புதிய எழுத்தை ஒட்டி, அட்டையின் மேல் வால்யூமை மறுபடி அளந்து, மற்றவற்றோடு மீண்டும் ஜோடி சேர்க்க வேண்டும். ‘த’வின் ஹெட்பேண்டுக்கு மேலுறை ஒன்று வாங்கியிருக்கிறேன், அது வந்ததும் அந்த ஒன்றுக்கு மட்டும் இன்னொரு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும்.