சுகர் நார்மல் என்று ரிப்போர்ட்டை மடித்துவிடாதீர்கள்

பாளையங்கோட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் கவரைப் பிரித்ததும் ஒரே வரியைத்தான் தேடுவார்கள். சித்திரையில் வந்த அண்ணாச்சி ஒருவர், டவுனில் பலசரக்குக் கடைக்காரர், அந்த வரியைப் பார்த்ததும், "சுகரு 98தான். ஒண்ணும் இல்லல்லா?" என்று கவரைச் சட்டைப்பையில் செருகினார். நான்தான் திரும்ப வாங்கிக் காட்டினேன். கொஞ்சம் கீழே, ரத்தத்தில் ஓடுகிற ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 32.

எல்லோரும் செய்கிற முதல் தவறு இதுதான். இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காமல் போனாலும் (இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்பார்கள்) சர்க்கரை உடனே ஏறிவிடாது. கணையம் இரண்டு பங்கு, மூன்று பங்கு இன்சுலினைச் சுரந்து வருஷக்கணக்கில் சமாளிக்கும். அத்தனை காலமும் ஃபாஸ்டிங் சுகர் நல்ல பிள்ளையாகவே இருக்கும். அதற்குள் கல்லீரல் கொழுப்பை ரத்தத்தில் தள்ளுவதால் ட்ரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும், பிரஷரும் கூடும். இவை ஒன்றாகச் சேர்ந்து வருவதை ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் 1988-லேயே எடுத்துச் சொல்லிவிட்டார். சுகர் வரும் முன்னமே இதயக் குழாய் கெடத் தொடங்குவது இப்படித்தான்.

தனி டெஸ்டுக்குக் காசு செலவழிக்கவும் வேண்டாம். ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்.லால் வகுத்துப் பாருங்கள். 3-க்கு மேல் போனால் இன்சுலின் எதிர்ப்பு இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். ட்ரைகிளிசரைடையும் ஃபாஸ்டிங் சுகரையும் சேர்த்துப் போடுகிற இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியா உட்பட 22 நாடுகளில் 1 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் இந்தக் கணக்கு உயர்ந்திருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதல். வருமானம் குறைந்த நாடுகளில் இதயக் கோளாறால் சாவதும் கூடுதல்.

அண்ணாச்சியிடம், "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். கடையை அடைத்துவிட்டுப் பத்தரை மணிக்குப் புரோட்டா, சால்னா. காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். எட்டரை மணி நேரம்தான்! ட்ரைகிளிசரைடுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வயிறு காலியாக இருப்பது நல்லது, முந்தின ராத்திரி சாராயமும் கூடாது. மறுபடி எடுத்ததில் 215. 32-ஆல் வகுத்தால் 6.7. புரோட்டா மேல் மட்டும் பழி போட வழியில்லை.

"நான் ஒல்லிதானே" என்பது அடுத்த சமாதானம். கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் தள்ளியிருக்கும். நம்மூரில் அப்படி எத்தனை பேர்! வேட்டியைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவருக்கு இடுப்பளவு எங்கே தெரியும்? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் டேப் வையுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதுதான் நமக்கு எல்லை. பிடரியில் அழுக்குப் போலக் கறுத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. அதுவும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாக இருக்கலாம்.

கருப்பட்டிக்கு மாறிவிட்டேன் என்பவர்களிடம் எனக்கு வாதாடத் தெம்பில்லை. உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான்.

நெட்டில் பார்த்துவிட்டு, இன்சுலின் எதிர்ப்பை அளக்கிற 'ஹோமா' டெஸ்ட் கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஃபாஸ்டிங் இன்சுலினையும் சுகரையும் பெருக்கி 405-ஆல் வகுப்பது அது. இன்சுலின் ஊசி போடுகிறவருக்கு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. லேபுக்கு லேப் மாறவும் செய்யும். அது குறைந்துவிட்டது என்று பிரஷர் மாத்திரையையோ கொழுப்பு மாத்திரையையோ நிறுத்துவதும், பீடியை விடாமல் இழுப்பதும் கிறுக்குத்தனம். பிரஷரும் கொழுப்பும் பீடியும் தனித்தனியாகவே ஆளைக் கொல்லும்.

எனக்கு ரொம்பப் பயம் தருவது சோடா. நெஞ்சு கரிக்கிறது, வாய்வு என்று இஞ்சி சோடா குடித்துவிட்டுப் படுப்பது. நாள்பட்ட சுகர்காரருக்கு நரம்பு மங்கி, மாரடைப்பு வலியில்லாமலே வரலாம்; வியர்வை, மூச்சுத் திணறல், அசதி மட்டும் இருக்கும். சோடாவைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிஷம்தான்.

முன்கூட்டியே திருத்தினால் பலன் உண்டா? சீனாவில் டா சிங் என்ற ஊரில் 1986-ல், சுகர் எல்லையில் நின்ற 577 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். உணவையும் உடற்பயிற்சியையும் ஆறு வருஷம் கவனித்தவர்களிடம், முப்பது வருஷம் கழித்துப் பார்த்தபோது இதய, ரத்தக்குழாய் நோய்ச் சாவு மற்றவர்களைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

அண்ணாச்சி ஆடியில் திரும்ப வந்தார். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குக் கடையிலேயே, காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடை. ட்ரைகிளிசரைடு 160, எச்.டி.எல். 34. இந்தத் தடவை சுகர் வரியை அவர் பார்க்கவேயில்லை. "ரெண்டுதான் ஏறியிருக்கு, என்ன தம்பி இது?" என்று எச்.டி.எல்.லில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு நின்றார்.