பழைய ஜப்பான் அக்கூஸ்டிக் கிதாரை வாங்கும் முன்

ஜப்பானின் ஹமமட்சு நகரில் 1966-இல் வெளிவந்த யமஹா எஃப்ஜி-180 இன்றும் தேடி வாங்கப்படுகிறது. உள்ளே சிவப்பு லேபிள் இருந்தால் ஆரம்ப காலத்தது. மேல்பலகை பிளைவுட்தான், அதற்காக ஒதுக்க வேண்டாம், ஒலி நன்றாகவே இருக்கும். ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள்: மேலே தெரியும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் முழுப்பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

கே. யாய்ரி என்ற ஜப்பான் நிறுவனத்தின் கிதாரில், நெக் (கிதாரின் கழுத்து) உடலோடு சேரும் இடத்தில் உள்ளே இருக்கும் மரக்கட்டையான நெக் பிளாக்கில் உள்ள எண் பெரும்பாலும் ஷோவா ஆண்டு, அதாவது ஜப்பான் பேரரசரின் ஆட்சியாண்டு. அதோடு 1925-ஐக் கூட்டுங்கள். 51 என்றால் 1976.

உண்மையில் பணம் போவது நெக்கின் கோணத்தில்தான். பல வருட இழுவிசையில் நெக் முன்னால் சாய்ந்து, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜின் பின்பக்கம் மேல்பலகை வயிறுபோல் உப்பிவிடும். கம்பிகளை ட்யூன் செய்துவிட்டு, நேரான ஸ்கேலை ஃப்ரெட்களின் (நெக்கில் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளின்) மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டாலோ சற்று மேலே நின்றாலோ நல்லது. பிரிட்ஜின் முன்முகத்தில் தாழ்ந்து இடித்தால் நெக் ரீசெட், அதாவது நெக்கைக் கழற்றிக் கோணத்தைச் சரிசெய்து மீண்டும் பொருத்தும் வேலை, தேவைப்படும். அந்தக் காலத்துப் பல ஜப்பான் கிதார்களில் நெக்கை ஒட்டிய பசை கெட்டியானது. ஆவியில் எளிதில் விடாது, கூலி கிதாரின் விலையையே தாண்டலாம்.

12-ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் 2.5 மி.மீ. போதும். 3.5 இருந்தால் சாடிலில் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையில்) 2 மி.மீ. தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகும் சாடில் 3 மி.மீ.யாவது வெளியே நிற்குமா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள். நிற்காது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.