லேப்டாப்பில் மயோரானா நிலையைத் தேடிப் பார்க்கலாம்

மீக்கடத்தியாக மாறிய நானோ கம்பியின் இரு முனைகளிலும் ஆற்றல் சுழியாக உள்ள விசித்திரமான குவாண்டம் நிலைகள் உருவாகலாம். இவைதான் மயோரானா நிலைகள். நிஜக் கம்பியில் தேட, சில பத்து மில்லிகெல்வின் குளிர் வேண்டும். வேலூரின் மே வெயிலோ 313 கெல்வினைத் தாண்டும். ஆனால் அலெக்ஸி கிட்டேவ் 2001-இல் வெளியிட்ட எளிய மாதிரிக்கு லேப்டாப்பே போதும். காட்பாடியிலோ குடியாத்தத்திலோ பி.எஸ்சி. இயற்பியல் படிப்பவர்கள் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம்.

முதலில் பைத்தான் நிரல்மொழியையும், அணிக் கணக்குகளுக்கான அதன் நம்பை (NumPy) தொகுப்பையும் நிறுவுங்கள். 40 புள்ளிகள் கொண்ட சங்கிலியை எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரானுக்கு 40, துளைக்கு (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடம்) 40, ஆக 80×80 அணி.

அடுத்து அணியை நிரப்ப வேண்டும். இங்கே அவசரம் கூடாது. இடது மேல் கால்பகுதியின் மூலைவிட்டத்தில் மியூவை (μ, எலக்ட்ரான்களின் வேதி அழுத்தம், அதாவது chemical potential) எதிர்க்குறியோடு போடுங்கள். அதை ஒட்டிய இரு கோடுகளிலும் −1. வலது கீழ்ப்பகுதி இதற்கு அப்படியே எதிர்க்குறி. வலது மேல்பகுதியில் மூலைவிட்டத்தை ஒட்டி மேலே +1, கீழே −1. அதன் நிரைநிரல் மாற்று இடது கீழ்ப்பகுதிக்கு. முழு அணியும் சமச்சீராக இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சரி, மியூ 0.5 என்று வைத்து அணியின் ஐகன் மதிப்புகளை, அதாவது ஆற்றல்களை, கணக்கிடுங்கள். இரண்டு மட்டும் சுழியில் நிற்கும், மற்றவை ±1.5-க்கு வெளியே. மியூவை 3 ஆக்கினால் சுழி நிலைகள் மறைந்துவிடும்.

இனிமேல்தான் முக்கியமான படி. முதல் 10 புள்ளிகளுக்கு மட்டும் மியூ 0.5, மீதிக்கு 3 கொடுங்கள். இப்போதும் கிட்டத்தட்ட சுழியில் இரண்டு நிலைகள் வரும்! ஒரு நிலை எந்தப் புள்ளிகளில் இருக்கிறது என்பதைக் காட்டும் ஐகன் வெக்டர்களின் வர்க்கத்தை வரைந்தால், இரண்டுமே இடப்பக்கம்தான். வலது முனை காலி. இடது முனையை மட்டும் அளப்பவர், கம்பி முழுவதும் மயோரானா நிலைக்கு வந்துவிட்டதென்று நினைத்துவிடுவார்.

நிஜ ஆய்வகத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 2012-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு இண்டியம் ஆன்டிமனைடு கம்பியின் மின்கடத்தலில், சுழி மின்னழுத்தத்தில் ஒரு முகட்டைக் கண்டது. ஆனால் கம்பியிலுள்ள குறைபாடுகளால் வரும் சாதாரண ஆண்ட்ரீவ் நிலைகளும் (மீக்கடத்தியில் உருவாகும், மயோரானா அல்லாத நிலைகள்) அதே முகட்டைத் தரும். மயோரானாவுக்கு உறுதியான சான்று என்று 2018-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால்தான் இரு முனைகளையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

அப்புறம், சங்கிலி முழுதும் ஒரே மியூ வைத்து, 0 முதல் 3 வரை மெல்ல ஏற்றி ஆற்றல்களை வரையுங்கள். மியூ 2-இல் ஆற்றல் இடைவெளி மூடி, மீண்டும் திறக்கும்.